நாலாவது முடிச்சு

தாலிக்கு மூன்று முடிச்சு. படம் எடுக்கிறவன் கணக்கில் நாலு. அந்த நாலாவதை நான் முதன்முதலில் போடச் சொன்னது 1986-ல், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயில் மண்டபத்தில்.

அன்றைய ஆயத்தம் ஒரு மஞ்சள் பைக்குள் அடங்கும். யாஷிகா கேமரா, 120 ரோல் மூன்று, ஒரு ஃப்ளாஷ், டார்ச் கடையில் வாங்கிய பேட்டரி. ரோலுக்கு 12 படம், ஆக 36. காலண்டர் தாளின் பின்பக்கம் பங்கீடு போட்டிருந்தேன்: மாப்பிள்ளை அழைப்புக்கு 3, தாய்மாமனுக்கு 2, தாலிக்கு 1. தாய்மாமனுக்கு ஒன்று குறைந்தால் ஊர்ப் பஞ்சாயத்து ஆகிவிடும். தாலி பேசாது.

செட்டிங் என்பது வகுத்தல் கணக்கு. ஃபிலிம் 100 ஏ.எஸ்.ஏ., என் ஃப்ளாஷின் கைடு நம்பர் 28. மூன்றரை மீட்டருக்கு எஃப் 8, ஐந்து மீட்டருக்கு 5.6. மணவறையிலிருந்து அடி வைத்து அளந்தபடி பின்னால் வருவேன். யார் காலையாவது மிதித்தால் அது 5.6.

கணக்கில் வராதது ஃப்ளாஷின் மூச்சு. ஒரு தடவை வெட்டினால், மறுபடி சிவப்பு விளக்கு எரியப் பத்து விநாடியாவது ஆகும். முகூர்த்த நேரத்தில் ஒரு பெரியவர், "எங்க குடும்பத்த ஒண்ணு எடுய்யா" என்று தோளைத் தட்டினார். எடுத்தேன். உடனே கெட்டிமேளம். அட்சதை பறக்கிறது, என் ஃப்ளாஷ் கொசு மாதிரி ரீங்காரம் போடுகிறது. விளக்கு எரிந்தபோது மூன்று முடிச்சும் விழுந்து, பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையிடம் குனிந்து, "அண்ணே, கைய மட்டும் இன்னொரு தடவ பின்னால கொண்டு போங்க" என்றேன். அவர் கொண்டுபோனார். ஆல்பத்தில் இருப்பது அந்தப் பொய்தான். இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

பிறகு பென்டாக்ஸ் கே1000-க்கு மாறினேன். யாஷிகாவில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருந்ததால் எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் சேரும். இதிலோ 60-ஐத் தாண்டினால், ஃப்ளாஷ் வெட்டும் நேரத்தில் ஷட்டர் திரை பாதி மூடிவிடும். ஒரு வரவேற்பு முழுக்க டயல் 125-ல் நின்றுவிட்டது. பிரிண்ட் வந்தபோது பெண் தகதகவென்று இருந்தாள். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைக் காணவில்லை, இருட்டு மட்டும் நின்றது. பெண் வீட்டார் அவ்வளவாக வருத்தப்படவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது தொழில் என் தங்கை மகன் கையில். போன தையில் அதே மண்டபத்தில் ஒரு கல்யாணம். ஒரு வாரம் முன்பே செல்போனில் பட்டியல் போட்டான்: சோனி கேமரா இரண்டு, லென்ஸ் 24-70, 70-200, இருட்டுக்கு 85, கார்டு எட்டு, டிரோன் ஒன்று. ஐ.எஸ்.ஓ. 3200 வரை பயமில்லையாம். நான் 100-ஐ வைத்துக்கொண்டு பயந்தே பாதி ஆயுளை ஓட்டியவன்.

"செல்போனை உள்ள விடலைன்னா?" என்றேன். 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களில் செல்போனுக்குத் தடை சொன்னதிலிருந்து அவனுக்கும் அந்தக் கவலை உண்டு. கேமராவுக்கு ஆபீசில் அனுமதி கேட்டு வைத்திருந்தான். பட்டியலுக்கு என்ன செய்வது? காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

மந்திரம் கேட்கட்டும் என்று சத்தமில்லாத ஷட்டரில் வைத்திருந்தான். மணவறையைச் சுற்றி எல்.இ.டி. சரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு தடவை கண் சிமிட்டும், நமக்குத்தான் தெரியாது. கேமராவுக்குத் தெரிந்துவிட்டது. தாலி கட்டியபோது எடுத்த அறுபது படத்திலும் மாப்பிள்ளை மேல் வரி வரியாகக் கறுப்புக் கோடு, வரிக்குதிரை பட்டு வேட்டி கட்டி வந்த மாதிரி.

"நூறுல வைடா. சத்தம் கேட்டாலும் பரவால்ல, பழைய ஷட்டரப் போடு" என்றேன். எனக்கு 60, அவனுக்கு 100.

"சரி மாமா" என்றவன் மாப்பிள்ளையிடம் ஓடினான். "அண்ணா, கைய மட்டும் ஒருதடவ பின்னாடி... கேமராவப் பாக்காதீங்க, இயல்பா இருங்க." நான், பார், சிரிக்காதே என்பேன். அவன், பார்க்காதே, சிரி என்கிறான். கழுத்துக்குப் பின்னால் மாப்பிள்ளையின் கை மட்டும் அதே இடத்தில்.

நாதசுரக்காரர் காபிக்குப் போயிருந்தார். புரோகிதர் பையோடு நின்று என்னைப் பார்த்தார்.

"போட்டோ முடிச்சுப் போட்டாச்சா? நான் தேங்காய எடுத்துக்கலாமா?"