பிளேனுக்கு நகை தேடுற பயலுக்கு

ஏங் கண்ணு, பீடி வாசம் பட்டாலே மூக்கைப் பொத்துற பயல் நீ. உன்ற பிளேன்ல சாம்பல் கிண்ணம் காணோம்னு ராத்தூக்கம் இல்லாம அலையறயாமே, உன்ற அம்மா போன்ல சொன்னா. அலை சாமி, நல்லா அலை. எஞ்சின் ஓடுதா, பிரேக் புடிக்குதான்னு கேக்கறவன் வெறும் பைலட்டு. கதவுக் கைப்பிடி ஒரிஜினலா, குமிழ் அந்தக் காலத்துதானான்னு கேக்கறவந்தான் ரசிகன்.

1946-ம் வருசத்து செஸ்னா 140. நீ குடியிருக்கற கான்சாஸ் விச்சிட்டாவுலயே செஞ்சது. யுத்தம் முடிஞ்சு திரும்புன பைலட்டெல்லாம் வீட்டுக்கொரு பிளேன் வாங்குவான்னு அமெரிக்காக்காரன் அப்பக் கணக்குப் போட்டான். அந்த ஒரு வருசத்துல மட்டும் 30,000-க்கு மேல பிளேன் செஞ்சு தள்ளுனாங்க. அடுத்த வருசமே வாங்க ஆளில்லை. குளோப் கம்பெனி திவால், ரெண்டு வருசத்துல லஸ்கோம்பும் திவால். செஸ்னா தப்பிச்சுது, ஆனா உன்ற மாடலை நிறுத்தி எழுபது வருசத்துக்கு மேலாச்சு.

அதோட 85 குதிரை கான்டினென்டல் எஞ்சினுக்கு இன்னைக்கும் சாமான் கிடைக்குது. ஏன்னா அது இல்லாமப் பிளேன் பறக்காது, அதனால வாங்க ஆளிருக்கு. குமிழ் இல்லாமயும் பறக்கும், அதனால செய்ய ஆளில்லை. கிடைக்காததுதான் உனக்கு வேணும். அதுவும் உன்ற பரம்பரைப் புத்திதான், நான் ஒண்ணும் சொல்லலை.

செரி, தேடறதுன்னு ஆச்சு. "செஸ்னா 140, அபூர்வம்"னு சீட்டு ஒட்டுன பெட்டிகிட்டப் போயிராதே. அந்தச் சீட்டுக்கே பாதி விலை வாங்கிருவான். 1948-ல வந்த முதல் 170 மாடல் உன்ற 140-ஐயே நீட்டி நாலு சீட்டு போட்டதுதான். அதனால 170-க்காரன் வேண்டாம்னு ஒதுக்கி வெச்ச டப்பாவையும் கிளறிப் பாரு. காருக்குக் கைப்பிடி செய்யறவங்ககிட்ட வாங்கிப் பிளேன்ல மாட்டுனதும் அந்தக் காலத்துல உண்டு. பழைய கார் சாமான் விக்கறவனுக்குத் தன்ற மூட்டையில பிளேன் சாமான் கிடக்குதுன்னே தெரியாது. நீயும் சொல்லித் தொலைக்காதே.

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு சங்கம் வெச்சிருக்கானுங்க. அதுல எண்பது தாண்டுன கிழவன் ஒருத்தன் கட்டாயம் இருப்பான், அவன் ஹேங்கர் மூலையில நீ தேடறது இருக்கும். பணத்தை நீட்டுனா குடுக்க மாட்டான். உன்ற சம்சாரம் சுட்ட முறுக்கு ஒரு டப்பா கொண்டு போ, அவன் பறந்த கதையைக் கேளு. பொறவு, சந்தையில புடிச்ச காளையை விட்டுப்போட்டுப் பக்கத்துக் காளைக்குப் பல்லுப் பாக்கறவனாட்டம், வேற எதையாச்சும் எடுத்து விலை கேளு. சாம்பல் கிண்ணத்தைக் கண்டதும் கண்ணுல தண்ணி விட்டயோ, போச்சு.

கிடைக்கவே இல்லைன்னா செய்யறதுதான் வழி. இங்க கொஞ்சம் நிதானமாக் கேளு, கோயமுத்தூர்ல பேட்டர்ன் கட்டை செதுக்கி வயிறு வளத்தவன் பேசறேன். அடுத்தவன்கிட்ட ஒரு குமிழை இரவல் வாங்கி, மண்ணுல அச்செடுத்து அலுமினியம் ஊத்தினா, ஆறுனதும் அடிக்கு எட்டிலொரு இஞ்சுக்குக் கொஞ்சம் கூடவே சுருங்கும். குமிழுக்கு அது மயிரிழை. முழ நீளத்துக்கு ஓரப்பட்டி வார்த்தயானா ஓட்டை ஓட்டையோட சேராது. அந்த நகலை வெச்சு இன்னொருத்தன் நகல் எடுத்தா இன்னும் சுருங்கும். பேட்டர்ன்லயே அந்த அளவைக் கூட்டி வெக்கோணும். சின்னச் சாமானுக்கு சிலிக்கோன் அச்சு எடுத்து ரெசின் ஊத்து, சுருக்கம் கம்மி.

உன்ற பையன் 3டி பிரிண்டர்ல பொம்மை அடிக்கறானே, அந்த பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம். அறுபது டிகிரிச் சூட்டுலயே இளகிரும். சாத்தி வெச்ச காக்பிட்டு மேல கான்சாஸ் வெயில் அடிச்சா, கிண்ணம் தட்டாகும். இன்னொண்ணு, உள்ளே மாட்டற பொருள் சட்டுனு தீப்புடிக்கப்படாது. துண்டு ஒண்ணை வெளியில வெச்சுக் கொளுத்திப் பாரு. சொட்டிச் சொட்டி எரிஞ்சா உள்ளே விடாதே. எரியலைன்னா அதுவே சர்டிபிகேட்டுன்னும் நெனைச்சுக்காதே. தீ தாங்கும்னு எழுத்துல குடுக்கற பொருளாப் பாத்து வாங்கு.

சட்டமும் இருக்குது கண்ணு. கண்டவன் செஞ்ச சாமானைப் பிளேன்ல மாட்ட அமெரிக்க விமானத் துறை விடாது. ஆனா சொந்தக்காரன் தன்ற பிளேனுக்குத் தானே செஞ்சுக்கலாம்னு ஒரு வழி விட்டிருக்கான். லேத்துல நீயே நிக்கோணும்னு இல்லை. வரைபடம் நீ குடுக்கோணும், இல்லாட்டிப் பொருளை நீ குடுக்கோணும், செய்முறை சொல்லோணும், தரம் பாக்கோணும், கூட நின்னு மேற்பார்வை பண்ணோணும். இதுல ஏதாச்சும் ஒண்ணுலயாவது உன்ற கை இருக்கோணும். செக் கிழிச்சுக் குடுத்தவனைத் தயாரிப்பாளர்ங்கறது சினிமாவுல செல்லும், இங்கே செல்லாது. பத்து சேத்து அடிச்சு விக்கலாம்னும் கணக்குப் போடாதே, உன்ற பிளேனுக்கு மட்டுந்தான். காக்பிட்டு அலங்காரத்தைப் பழுது பாக்கறது, எலும்புக்கூட்டைப் பிரிக்காத வரைக்கும், பைலட்டே செய்யலாம். செஞ்சதை லாக்புக்குல எழுதிக் கையெழுத்துப் போடு.

திசைகாட்டிக்குப் பக்கத்துல மினுமினுன்னு இரும்புத் திருகு போட்டுராதே, பித்தளை போடு. முள்ளு விலகுச்சுன்னா உன்ற அலங்காரத்தைப் பாத்துக்கிட்டே நெப்ராஸ்கா போறதா நெனைச்சு மிசௌரியில எறங்குவே. கம்பளம், மெத்தைன்னு ஏத்தறதுக்கும் கணக்குண்டு. மொத்த எடை 1,450 பவுண்டைத் தாண்டப்படாது. போன தடவை நான் வந்தப்ப உன்ற தொப்பையைப் பாத்தேன், அதுக்கு மேல கேக்காதே.

ஜூலைக் கடைசியில ஆஷ்கோஷ் பிளேன் திருவிழாச் சந்தைக்குப் போறயாமே. றெக்கை, கதவுன்னு பெருஞ்சாமான் வேணும்னா கடைசி நாள் மத்தியானம் போ, திருப்பித் தூக்கிட்டுப் போறதுக்கு அலுத்துக்கிட்டு விலையைக் கொறைப்பான். உன்ற கிண்ணம் சட்டைப் பையில போற சாமான். முதல் நாள் விடியக்காலையில, காப்பி குடிக்காமப் போ.