அலுவலருக்கு யார் பாடம் சொல்வது?

நான் மாவட்டக் கல்வி அலுவலராக இருந்த தொண்ணூறுகளில், சென்னை கல்லூரிச் சாலையில் பள்ளிக் கல்வி இயக்குநர் போடும் கையெழுத்து எங்கள் மேஜைக்கு வந்து சேர ஒரு வாரம்கூட ஆகும். ஸ்டென்சில் வெட்டி உருட்டிய செயல்முறை ஆணைகள். கடைசிப் பத்தி மங்கலாக, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கும்படி இருக்கும். தபால் பிரித்ததும் கண்காணிப்பாளர் அதைத் தனியே எடுத்து வைப்பார். பழைய அரசாணையோடு ஒத்துப் பார்த்து, ஓரத்தில் பச்சை மையில் குறிப்பெழுதிப் பிரிவுக்கு அனுப்புவேன். தலைமை ஆசிரியர் கூட்டத்தில் அதை வாய்விட்டு வாசித்து, எதற்காக வந்தது, நம் பள்ளிகளில் எப்படிச் செய்வது என்று பேசுவோம். செய்தி மெதுவாகத்தான் வந்தது. ஆனால் வந்த செய்தி எங்களுக்குள் இறங்கியது.

பயிற்சி அதைவிட அரிது. நேற்றுவரை ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியர்; பதவி உயர்வு ஆணை வந்த மறுநாள் ஒரு கல்வி மாவட்டமே கையில். ஓய்வூதியக் கருத்துரு, தணிக்கைத் தடைக்குப் பதில், நீதிமன்ற வழக்குக்கு எதிருரை, ஒழுங்கு நடவடிக்கைக்கான 17 பி குறிப்பாணை என்று வரிசையாக வரும். யாரும் சொல்லித் தந்ததில்லை. அனுபவமுள்ள பிரிவு எழுத்தர் வாய்த்தால் பிழைத்தோம். ஒரு கோப்பை எப்படிக் கட்ட வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்படி ஒருவர்தான். அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான பயிற்சி ஒன்று இன்னும் மனதில் நிற்கிறது. வந்திருந்த அலுவலர்கள் எல்லோரையும் பயிற்றுநர் ஒரே பள்ளிக்கு அனுப்பி, ஆளுக்கொரு ஆய்வறிக்கை எழுதச் சொன்னார். மாலையில் எல்லா அறிக்கைகளும் சத்தமாக வாசிக்கப்பட்டன. வருகைப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், கழிப்பறை, சத்துணவு அரிசி இருப்பு எல்லாம் எல்லோர் அறிக்கையிலும் இருந்தன. ஓர் அலுவலர் அம்மா மட்டும் மூன்றாம் வகுப்பில் பாயில் உட்கார்ந்து, நான்கு பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். இருவருக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை என்று எழுதியிருந்தார். பயிற்றுநர் அந்த ஒரு பத்தியை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அதைப் பற்றி அன்றிரவு விடுதி வராந்தாவில் எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தை எந்தப் புத்தகமும் தந்துவிடாது.

இன்று எங்கள் பக்கத்து ஒன்றியத்தில் ஓர் இளம் பெண் வட்டாரக் கல்வி அலுவலராக இருக்கிறார். தேர்வெழுதி நேரடியாக வந்தவர், கெட்டிக்காரர். அரசாணை கையெழுத்தான அன்றே அவர் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. இடமாறுதல் கலந்தாய்வில் காலிப் பணியிடம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. செங்கல் சூளைக்குப் போன குடும்பத்தின் பிள்ளை வேறு மாவட்டத்தில் சேர்ந்துவிட்டதா என்று மாணவர் அடையாள எண்ணான எமிஸ் எண்ணை வைத்து உட்கார்ந்த இடத்தில் பார்க்கிறார். நாங்கள் அதற்குக் கடிதம் எழுதிக் காத்திருந்து, கடைசியில் பெயரை நீக்கிவிடுவோம். இந்த வசதிகளை வாயாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அவரோடு ஒரு காலைப்பொழுது இருந்து பார்த்தேன். "மிக மிக அவசரம், இன்று மாலை 4 மணிக்குள்" என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் படிவம் வருகிறது. அதே விவரத்தை வேறொரு திட்டத்தின் குழு வேறொரு கூகுள் ஷீட்டில் கேட்கிறது. இணையவழிக் கூட்டம் காதில் ஓடிக்கொண்டிருக்க, கையால் ஷீட்டை நிரப்புகிறார். "ஐயா, ஸ்கூலுக்குப் போனாலும் ஆப்ல எல்லா கேள்வியையும் முடிச்சாத்தான் சப்மிட் ஆகுது. நெட்வொர்க் தேடி வாசலுக்கு வந்துடுறேன். புள்ளைங்க என்ன படிக்குதுன்னு நின்னு கேக்க முடியல," என்றார். பயிற்சி பற்றிக் கேட்டேன். "பயிற்சி நிறைய வருது ஐயா. எந்த ஆப்ல எதை ஏத்தணும்னு சொல்லிக் குடுக்குறாங்க."

அலுவலரின் பதவிப் பெயரும் எல்லையும்கூட மாறிக்கொண்டே இருக்கின்றன. 2018-ல் தொடக்கக் கல்விக்கெனத் தனியாக இருந்த மாவட்ட அலுவலர் பதவி போனது. உதவித் தொடக்கக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் ஆனார். 2022-ல் தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் மீண்டும் தனித்தனி மாவட்ட அலுவலர்கள் வந்தார்கள். கோப்புகள் அலுவலகம் விட்டு அலுவலகம் போயின. புதுப் பொறுப்பை உட்கார வைத்துச் சொல்லித்தர ஒரு வாரமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

வழி தெரியாத விஷயமல்ல இது. நிர்வாகத்தையும் கல்வி மேற்பார்வையையும் தனித்தனியாகப் பிரியுங்கள் என்று கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே சொல்லிவிட்டது. 1962-ல் யுனெஸ்கோ துணையோடு டெல்லியில் தொடங்கிய மையம்தான் இன்று நீபா எனப்படும் தேசிய நிறுவனம். கல்வித் திட்டமிடலும் நிர்வாகமும்தான் அதன் முழுநேர வேலை. மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கு அது நடத்திய பட்டயப் பயிற்சியின் அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்: மூன்று மாதம் அங்கே படிப்பு, அடுத்த மூன்று மாதம் சொந்த மாவட்டத்துக்குத் திரும்பி ஒரு சிக்கலை எடுத்துச் செய்யும் ஆய்வு. நல்ல முயற்சி செய்யும் மாவட்ட, வட்டார அலுவலர்களுக்கு விருதும் தருகிறது. நம்மில் எத்தனை அலுவலர்களுக்கு இதெல்லாம் தெரியும்? தெரிந்தாலும் பயிற்சிக்குப் போக விடுவிப்பார் யார்?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1986 தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து வந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் நம்மிடமே இருக்கின்றன. அவற்றில் திட்டமிடலுக்கும் மேலாண்மைக்கும் என்றே ஒரு பிரிவு உண்டு. அதை அலுவலர்களுக்குத் திறந்துவிடலாம். பதவி உயர்வு பெறுபவரைப் பொறுப்பேற்குமுன் அங்கே ஒரு மாதம் அனுப்பலாம். ஓய்வுபெற்ற நல்ல கண்காணிப்பாளர்களைக் கூப்பிட்டு விதிகளைச் சொல்லித்தரச் சொல்லலாம். பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் இடைநிற்றலை எப்படிக் குறைத்தார் என்ற செய்தி, படிவம் கேட்கும் செய்தியைப் போலவே மற்ற அலுவலர்களுக்கு வந்து சேர வேண்டும்.

துறையின் மேலிடத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வாரத்தில் ஒரு நாள் எந்தப் படிவமும் கேட்காதீர்கள். அந்த நாளில் அலுவலர் வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகள் படிப்பதைக் கேட்கட்டும்.