பாலையூற்று வீடொன்றில் ரிமோட்டின் இறைமை: ஓர் ஒப்பியல் யாப்பு ஆய்வு

இலங்கையின் அரசியலமைப்பு பற்றி அலுமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. ரீவி ரிமோட் பற்றி ஒன்றுமில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம், திருகோணமலைப் பாலையூற்றில் என் பெரியப்பா வீட்டு விறாந்தை. கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருக்கு இரண்டு விசர். ஒன்று ரீவி, மற்றது நாடு நாடாக யாப்புகளை ஒப்பிடுவது. இரண்டையும் ஒரே கதிரையில் இருந்தே செய்வார். ஒரு விளம்பர இடைவேளைக்குள் பிரான்சின் ஐந்தாம் குடியரசு முடிந்துவிடும்.

இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பவர்கள் திகதிகளைப் பார்க்கட்டும். நிறைவேற்று ஜனாதிபதி முறையை நிலைப்படுத்திய யாப்பு 1978 செப்டெம்பர் 7இல் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் முதல் தொலைக்காட்சியான ஐ.ரி.என். 1979 ஏப்ரல் 13இல் தொடங்கியது. இடைவெளி ஏழே மாதம். தனியார் முயற்சியாக வந்த அதை ஜூன் மாதமே அரசு எடுத்துக்கொண்டது. எல்லாம் ஒரே கையில் இருக்கட்டும் என்ற யாப்பின் கொள்கை, தொடங்கிய அலைவரிசைக்குத் தாவ இரண்டு மாதம்கூட எடுக்கவில்லை.

திருகு வைத்த பழைய ரீவியின் காலத்தை டொனமூர் காலம் எனலாம். 1931இன் அந்த யாப்பில் அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து வேலை செய்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒருவர் திருக, ஒருவர் கூரையில் அன்ரனாவைத் திருப்ப, ஒருவர் முற்றத்தில் நின்று "வந்திட்டுது, போட்டுது" என்று கத்துவார். அடுத்தது சோல்பரி. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டங்களை அதன் 29ஆம் பிரிவு தடுத்தது. அப்பம்மாவின் ஏழரை மணி நாடகத்துக்கும் அப்படியொரு காப்பு இருந்தது. 1972இல் அந்தப் பிரிவு போனது. ரிமோட் வந்ததும் நாடகமும் போனது.

இனி ரிமோட். பொலித்தீன் சுற்றி, இரண்டு ரப்பர் பாண்ட் போட்டது. பின்மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. பற்றரியைப் பிடித்திருப்பது செலோரேப். மாகாணங்களுக்கு அதிகாரம் பகிர்ந்த 1987இன் 13ஆவது திருத்தத்தை விளக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. "இனி இது உங்கட கையில்தான்" என்று பெரியப்பா ஒருநாள் அதைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தார். கொடுத்ததும் உண்மை, கொடுக்க முன்னமே பற்றரியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டதும் உண்மை. கேட்டால், யாப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மூன்று நிரல் இருக்கிறது என்பார்.

"கார்ட்டூன் மாகாண நிரல், பிள்ளையளுக்கு. கிரிக்கெட் ஒதுக்கிய நிரல், எனக்கு. செய்தி பொது நிரல். ஆரும் கேக்கலாம், முடிவு நான் சொல்லுவன்."

"அப்ப ஆளுநர் ஆர், பெரியப்பா?"

"உன்ர பெரியம்மா. நான் நியமிச்ச ஆள்."

குசினிக்குள்ளிருந்து வந்த சிரிப்பைக் கேட்டபோது, இவ்விடயத்தில் யாப்புக்கும் நடைமுறைக்கும் பெரிய இடைவெளி இருப்பது புலனாயிற்று.

13 முழுமையாக அமுலாக வேண்டும் என்று தமிழ்க் கட்சிகள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. 2022 மார்ச் 31இல் அந்த எண் மட்டும் முழுமையாக அமுலானது: 13 மணிநேரக் கரண்ட் கட். அன்று மூன்று நிரலும் முற்றத்தில் இருந்து விசிறி வீசின.

ஒலிப் பொத்தானுக்கும் யாப்பில் இடமுண்டு. ஜனாதிபதியின் அதிகாரத்தை 2001இல் 17ஆவது திருத்தம் குறைத்தது, 2010இல் 18 கூட்டியது, 2015இல் 19 குறைத்தது, 2020இல் 20 கூட்டியது, 2022இல் 21 மறுபடி குறைத்தது. பெரியப்பாவின் ரிமோட்டில் கூட்டும் பொத்தான் விரல் பட்டாலே வேலை செய்யும். குறைக்கும் பொத்தானை நகத்தால் குத்த வேண்டும்.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லை, ஆளுநர் ஆட்சிதான். சபைக் கட்டடம் திருகோணமலையில், பெரியப்பா வீட்டிலிருந்து ஓட்டோவில் போகிற தூரம்.

இந்த ஆய்வை மறுக்க விரும்பும் அறிஞர்கள் நேரில் வரலாம். மட்ச் நடக்கும் நாட்களைத் தவிர்க்கவும். வரும்போது இரண்டு சின்னப் பற்றரி வாங்கி வந்து, பிள்ளைகளின் கையில் கொடுக்கவும்.