அவசரத்துக்கு அடிக்கல்

உயிராபத்தான காயம் பட்டவனை முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சையில் சேர்ப்பித்துவிட வேண்டும் என்று வைத்திய சாஸ்திரம் விதித்திருக்கிறது. ஆனால் அந்தச் சிகிச்சைக்கான கட்டடத்துக்கு நிதி சேர்ப்பதில் எவ்வளவு காலம் கழியலாம் என்பது குறித்து அது மௌனம் சாதிப்பதால், அக்குறையை நம் நிர்வாக சாஸ்திரம் பெருந்தன்மையோடு பூர்த்தி செய்திருக்கிறது.

2015 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு ஓர் எய்ம்ஸ் மருத்துவமனை என்ற அறிவிப்பு வந்தது. மதுரையை அடுத்த தோப்பூரே ஸ்தலம் என்பது 2018இல் முடிவாயிற்று. 2019 ஜனவரி 27 அன்று பிரதமரே எழுந்தருளி அடிக்கல் நாட்டினார். 2021இல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு கடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இதற்கிடையில், 1,264 கோடி ரூபாயாக இருந்த மதிப்பீடு மட்டும், படுத்த படுக்கையாகக் கிடக்காமல், பூரண ஆரோக்கியத்தோடு வளர்ந்து 1,977 கோடியை எட்டியது. 2022இல் சேர்ந்த முதல் 50 மாணவர்கள், தங்கள் கல்லூரியின் வாசற்படியைக் கண்ணால் காணாமலே, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் பயிலத் தொடங்க, தோப்பூரில் சுற்றுச்சுவரானது, உள்ளே மருத்துவமனை என்று ஒன்று இல்லாத வெற்றுப் பூமியைச் சிரத்தையோடு காவல் காத்து நின்றது. மெய்யான கட்டட வேலை ஆரம்பமானது 2024இல்தான்.

இந்த இடைக்காலத்தில் மதுரை வட்டாரத்து விபத்துகள் எதுவும் நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்கவில்லை. அடிபட்டு வந்தவர்களைப் பழைய அரசு ராஜாஜி மருத்துவமனையே, விழாவும் பொன்னாடையும் கேளாமல், இரவு பகலாக ஏற்றுக்கொண்டது.