பெரியப்பா பதில்கள்: உளவாளிக்கு ஒரு குட்டு

பழைய ‘விக்ரம்’ எங்கோ மறுபடி ஓடியிருக்க வேண்டும். வந்த கேள்விகளில் முக்கால்வாசி உளவாளிகளைப் பற்றி. மீதியைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

டீக்கடை ரசிகர், ஜமுனாமரத்தூர்: பெரியப்பா, ‘விக்ரம்’ படத்தில் வருகிற சலாமியா எங்கே இருக்கிறது? பஸ் உண்டா?

படம் பிடித்தது ராஜஸ்தானில். நாடு இருப்பது சுஜாதாவின் பேனாவில். 1986-ல் ராஜசேகர் இயக்கிய படம். சுல்தான் அம்ஜத் கான், இளவரசி டிம்பிள் கபாடியா. ‘ஷோலே’ கப்பர் சிங்கையும் ‘பாபி’ பெண்ணையும் ஒரே அரண்மனையில் குடிவைத்த தேசம் அது. பஸ்ஸுக்குப் போளூரில் இறங்கி விசாரியுங்கள். வழி சொல்கிறவரை எனக்கும் அறிமுகப்படுத்துங்கள்.

கல்லூரி மாணவர், திருப்பத்தூர்: அது உளவுப் படமா, உளவுப் படத்தைக் கிண்டல் செய்கிற படமா?

ராக்கெட் காணாமல் போய், கமல் கோட்டு மாட்டிக் கிளம்புகிறவரை உளவுப் படம். சலாமியாவில் கால் வைத்ததும் கிண்டல் படம். ஒரு டிக்கெட்டில் ஜேம்ஸ்பாண்டும் ஆயிரத்தொரு இரவுகளும். அந்தக் கால விலைவாசிக்கு லாபம்தான்.

மனசாட்சி உறுத்துகிறவர், செங்கம்: சலாமியா காட்சிகளுக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். தப்பா?

மொழிபெயர்ப்பாளராக ஜனகராஜ் வந்து நின்றும் சிரிக்காதவர் டாக்டரைப் பார்ப்பது நல்லது. சிரித்தது தப்பில்லை. ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. உளவாளிப் பகடி என்றால் உளவாளியைத்தானே பகடி செய்ய வேண்டும்? அவரோ சட்டை கசங்காமல் இளவரசியோடு டூயட் பாடுகிறார். கிண்டல் முழுக்க உள்ளூர்க்காரர் தலையில். சாப்பிட்டது ஒருவர், மாவாட்டுவது இன்னொருவர்.

வக்கீல் குமாஸ்தா, திருவண்ணாமலை: இல்லாத நாட்டைக் கிண்டல் செய்தால் யாருக்கு நோகும்?

நாடுதான் கற்பனை. தாடி, தலைப்பாகை, ஒட்டகம், சாமி, சடங்கு எல்லாம் நிஜ மனிதர்களிடம் வாங்கிய இரவல். பெயரை மாற்றினால் வழக்கு வராது. வலி வரும்.

ஆங்கிலப் பட ரசிகை, வேலூர்: அசல் ஜேம்ஸ்பாண்டே இந்தியாவுக்கு வந்தாராமே?

வந்தார். 1983, ‘ஆக்டோபஸி’, உதய்ப்பூர், ரோஜர் மூர். ஆட்டோவில் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் வாள் விழுங்குகிறவர், ஆணிப்படுக்கைக்காரர், நெருப்பில் நடக்கிறவர் என்று சகலரையும் பார்த்துவிடுகிறார். இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இன்னும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தைக் கூட இருக்கும் இந்தியரிடம் கொடுத்து, சில வாரக் குழம்புச் செலவுக்கு ஆகும் என்று நக்கல் வேறு. 007-க்குக் கொல்ல லைசென்ஸ் உண்டு. பேச லைசென்ஸ் யார் கொடுத்தது?

டென்னிஸ் பிரியர், ஆரணி: நம் விஜய் அமிர்தராஜ் அதில் நடித்தாரே, பெருமைதானே?

பாதிப் பெருமை. 1974 டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில், நிறவெறி பிடித்த தென்னாப்பிரிக்காவோடு ஆடமாட்டோம் என்று இந்தியா கோப்பையையே விட்டுக்கொடுத்தது. அந்த அணியில் இருந்தவர் அவர். ஒன்பது வருஷம் கழித்து, பாண்டைச் சந்திக்கும் முதல் காட்சியில் அவர் கையில் இருந்தது மகுடி. சென்னைக்காரர் என்றதும் பாம்பாட்டி என்று முடிவு கட்டிவிட்டார்கள் போல.

ஆனால் அதே படத்தில் அவர் டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாச, வேடிக்கை பார்க்கும் கூட்டம் விம்பிள்டனில் உட்கார்ந்த மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்புகிறதே, அது ஜோக்! யாரும் கேவலப்படாமல் எல்லோரும் சிரிக்கிற ஜோக்.

கோபக்காரர், கண்ணமங்கலம்: வெள்ளைக்காரன் புத்தியே இப்படித்தானே?

அவசரப்படாதீர்கள். 1967-ல் ‘கேசினோ ராயல்’ என்ற பாண்டு பகடியில் நடித்த பீட்டர் செல்லர்ஸ், மறு வருஷம் ‘தி பார்ட்டி’யில் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு இந்தியரானார். அதே 1968-ல் பம்பாயில் மெஹ்மூத், ‘படோசன்’ படத்தில் குடுமி வைத்துக்கொண்டு மதராஸியானார். ஹாலிவுட்டுக்கு இந்தியர் கோமாளி, பம்பாய்க்கு நாம் கோமாளி. இதில் நிறம் இல்லை, இளக்காரம்தான் இருக்கிறது.

நியாயஸ்தர், போளூர்: அப்படியானால் நாம் மட்டும் யோக்கியமா?

இந்தக் கேள்வி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது. வட்டிக்கடை என்றால் ‘நிம்பள்கி’ சேட்டு, டீக்கடை என்றால் நாயர், வாசலில் நின்றால் ‘சாப்’ சொல்கிற கூர்க்கா. மூன்று பேருக்கும் சேர்த்து அரைப் பக்கம் வசனம். மெஹ்மூத்தின் குடுமிக்காகக் கோபப்பட நமக்கு உரிமை உண்டு. யோக்கியதைதான் கொஞ்சம் இடிக்கும்.

பழைய ரசிகர், சேத்துப்பட்டு: எங்கள் ஜெய்சங்கரைப் பற்றி ஒரு வார்த்தை?

1966, ‘வல்லவன் ஒருவன்’, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். தென்னகத்து ஜேம்ஸ்பாண்டு என்று பட்டமே வாங்கினார். லண்டன் பாண்டுக்கு அரசாங்கச் சம்பளம். நம் பாண்டுக்கு ரசிகர் விசில். எது நிலைத்தது என்று உங்கள் கேள்வியே சொல்கிறது.

மலைவாசி, புதூர்நாடு: திருவிழா ராத்திரிகளில் வாடகை டெக்கும் டி.வி.யும் வைத்துப் படம் போடுவார்கள். மலைஜாதி டான்ஸ் வந்தால் இலைதழை கட்டி, முகத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து, ஈட்டியோடு குதிப்பார்கள். என் பாட்டி, “இவங்க எந்த ஊருடா?” என்று கேட்பாள். என்ன சொல்லியிருக்கலாம்?

“கோடம்பாக்கம், பாட்டி” என்று சொல்லியிருக்கலாம். அந்த ஜாதி முழுக்க அங்கேதான் குடியிருப்பு. உங்கள் பாட்டி புடவை கட்டி, பகலெல்லாம் சாமை குத்திக் களைத்து, படம் பார்க்க உட்கார்ந்திருக்கிறாள். டான்ஸ் மாஸ்டர் ஒரு தடவை மலையேறி வந்து பார்த்திருந்தால் இலைச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

ஒன்பதாம் வகுப்பு, காவலூர்: ‘விக்ரம்’ வந்த 1986-ல் நம் மலையில் என்ன நடந்தது?

அப்படிக் கேள்! ஜனவரி 6-ந்தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து, உங்கள் ஊர் வானாய்வகத்துக்கு வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். இந்தியாவிலேயே செய்த 2.3 மீட்டர் தொலைநோக்கி, அன்றைக்கு ஆசியாவின் மிகப் பெரியவற்றில் ஒன்று. மே மாதம் ‘விக்ரம்’ வந்தது, திரையில் ராக்கெட் காணாமல் போனது. 1988-ல் காவலூரில் ஒரு சிறுகோளையே கண்டுபிடித்து ராமானுஜன் பெயர் வைத்தார்கள். தொலைக்கிறது சினிமா, கண்டுபிடிக்கிறது ஜவ்வாது மலை.

தமிழாசிரியை, செங்கம்: மலைமக்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டுவது நம் இலக்கிய மரபா?

டீச்சரே இப்படிக் கேட்டால் எப்படி? உங்கள் ஊர் நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடி. மலையேறி வருகிற கூத்தர்களை மலைமக்கள் உறவுக்காரர் போல வரவேற்று, வயிறு நிறையப் போட்டு அனுப்புகிறார்கள். சங்க காலத்தில் விருந்தாளிக்குச் சோறு. சினிமாவில் விருந்தாளியே சோறு. அண்டாவில் தண்ணீர் கொதிக்கிறது.

கிளிக்கி கற்றவர், வாணியம்பாடி: ‘பாகுபலி’ காலகேயர்களுக்கு மதன் கார்க்கி தனி மொழியே செய்தாரே, அதுவும் இளக்காரமா?

உழைப்புக்கு வணக்கம். சும்மா உளறவிடாமல் சொல்லும் இலக்கணமும் கொடுத்தார். ஆனால் அந்த மொழியைப் பேசுகிறவர்கள் மேல் கரியை அப்பி, அழுக்கைப் பூசி, “எதிரி வருகிறான்” என்று காட்டியது மேக்கப் அறை. 2015-லும் கெட்டவனுக்கு அடையாளம் கறுப்புத்தான் என்றால், மொழி வளர்ந்திருக்கிறது, கரி டப்பா மாறவில்லை.

கறுப்புத்தங்கம், கலசபாக்கம்: கறுப்பு ஜோக்கில் மோசமானது எது?

2007, ‘சிவாஜி’. இரண்டு பெண்களுக்குக் கரி பூசி, அவர்களைப் பார்த்து ஹீரோ அலறுவதுதான் ஜோக். பெயர் அங்கவை, சங்கவை. பறம்பு மலை வேந்தன் பாரியின் மகள்களுக்கு வழங்கும் பெயர்கள். முல்லைக்குத் தேர் கொடுத்தவன் வீட்டுப் பெண்களுக்கு நாம் கொடுத்தது அது. அந்த அரங்கில் கைதட்டிச் சிரித்தவர்களில் எத்தனை பேர் சிவப்பு என்றும் எண்ணிப் பார்க்கலாம்.

‘ஜோக்கை ஜோக்காக எடு’ கட்சி, ஆம்பூர்: படம் பார்த்தோமா, சிரித்தோமா, போனோமா என்று இருக்கக்கூடாதா?

ஜோக் தியேட்டரிலேயே உட்கார்ந்திருந்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. அது நம்மோடு பஸ் ஏறிவிடுகிறது. திரையில் ‘காட்டான்’ என்று சிரிப்பாகப் பழகியது, ரோட்டில் ‘மலைக்காரனா, மரம் வெட்டத்தான் போறான்’ என்று சந்தேகமாக வருகிறது. 2015 ஏப்ரல் 7-ந்தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 தமிழர்கள் செத்தார்கள். பலர் இந்த மலையைச் சேர்ந்த கூலிகள். சினிமா சுட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தையே ஒரே முத்திரையால் குத்திவைத்தால், அதில் யார் செத்தாலும் ‘கடத்தல்காரன்தானே’ என்று ஊர் அடுத்த பக்கம் புரட்டிவிடும். இந்தப் பதிலுக்கு நக்கல் கிடையாது.

சட்டக் கல்லூரி மாணவி, வேலூர்: சினிமாவில் மலைப்பெண் எப்போதும் அசடாகவே வருகிறாளே?

ஆமாம், ஹீரோ வந்துதான் அவளுக்குச் செருப்புப் போடவே சொல்லித் தரவேண்டும். நிஜத்தில் ஜவ்வாது மலை புலியூர் ஸ்ரீபதி, பிரசவமான சில நாளில் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதி, 23 வயதில் சிவில் நீதிபதித் தேர்வில் வென்றார். 2024-ல் முதலமைச்சரே வாழ்த்தினார். இனிமேல் இலைதழை டைரக்டர் யாராவது கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால், முதலில் எழுந்து நிற்கப் பழகட்டும்.

சட்டம் தெரிந்தவர், திருப்பத்தூர்: இதற்கெல்லாம் விதி இல்லையா?

உண்டு. எந்த இனத்தையும் சமூகத்தையும் இழிவுபடுத்தக் கூடாது என்று 1991 தணிக்கை வழிகாட்டு நெறியிலேயே இருக்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ‘ஆங்க் மிச்சோலி’ இந்திப் பட வழக்கில் இன்னும் தெளிவாகப் பிரித்தது. மாற்றுத்திறனாளியை மட்டம் தட்டிச் சிரிக்கவைப்பது வேறு, அவர் நிலையை நமக்குப் புரியவைக்கிற நகைச்சுவை வேறு. நல்ல தீர்ப்பு. ஸ்கிரிப்ட் எழுதுகிற ரூமில் ஒட்டிவைக்கலாம். ஏ.சி. காற்றில் பறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடைவிரும்பி, அணைக்கட்டு: பழைய படங்களைத் தடை செய்துவிட்டால் என்ன?

செய்தால் எல்லோரும் ரகசியமாகப் பார்ப்பார்கள். ரகசியம்தானே உளவாளிக்குச் சாப்பாடு! படம் ஓடட்டும். பக்கத்தில் பேரனை உட்காரவைத்து, “இந்த இடத்துல சறுக்கிட்டாங்கடா” என்று சொல்லுங்கள். இளையராஜா பாட்டு வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

புதுப்பட ரசிகை, ஜமுனாமரத்தூர்: 2022 ‘விக்ரம்’ தேவலையா?

ஏஜெண்ட் டினாவுக்காகவே தேவலை. வீட்டுவேலை செய்கிற அம்மா என்று எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், அவர் அடியாட்களைப் பந்தாடுகிறார். நடித்த வசந்தி, பல காலம் கதாநாயகர்களுக்குப் பின்னால் ஆடிய நடனக் கலைஞர். வேலைக்காரம்மாவை யார் கவனிக்கப் போகிறார்கள் என்ற நம் அலட்சியம்தான் அவருடைய மாறுவேடம். 1986 படம் முத்திரையை வைத்துச் சிரிக்க வைத்தது. 2022 படம் முத்திரை குத்தியவன் மூக்கை உடைத்தது.

எழுதத் துடிப்பவர், ஏலகிரி: யாரையும் புண்படுத்தாமல் உளவாளிப் பகடி எழுத முடியுமா?

யாரையும் புண்படுத்தாத ஜோக்கை எழுதுகிறவர் பஞ்சாங்கம் எழுதப் போகலாம். புண்படவேண்டியது யார் என்பதுதான் விஷயம். 1940-களிலேயே தேவன் வழிகாட்டிவிட்டார், ‘துப்பறியும் சாம்பு’. ஊர்க்காரரை அசடாக்கவில்லை, துப்பறிகிறவரையே அசடாக்கினார். எல்லா வழக்கும் அதிர்ஷ்டத்தில் ஜெயிக்கும். போலீஸ் முதல் பொதுஜனம் வரை சாம்புவை மேதை என்று கும்பிடும். சிரிப்பு முழுக்க அந்தஸ்தின் மேல். இளைத்தவனை அடித்துச் சிரிக்க வைப்பதற்கு எழுத்தாளன் எதற்கு, ரௌடி போதுமே!

வருங்கால டைரக்டர், ஆலங்காயம்: ஜவ்வாது மலையில் ஒரு உளவாளிப் பகடி எடுக்கிறேன். கதை சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து ஏஜெண்ட் வருகிறார். கோட்டு, கூலிங்கிளாஸ், காதில் மிஷின். மூன்றாவது கொண்டைஊசி வளைவில் வாந்தி. நான்காவதில் சிக்னல் போச்சு. மலைவாசி போல மாறுவேடம் போட இலையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குள் நுழைகிறார். சந்தையே நின்று வேடிக்கை பார்க்கிறது. ஒரு பாட்டி மட்டும் பரிதாபப்பட்டுத் தன் பேரனுடைய பேண்ட்டைக் கொடுக்கிறாள். வில்லனைப் பிடிப்பது தேன் எடுக்கப் போன இரண்டு பையன்கள். விருது வாங்குவது ஏஜெண்ட். தலைப்பு உங்கள் இஷ்டம். பாட்டி வேஷத்துக்கு மலையிலிருந்தே ஆள் எடுங்கள். கரி டப்பா வாங்கினால் கதையைத் திருப்பி வாங்கிக்கொள்வேன்.

சந்தேகப் பிராணி, அமிர்தி: இவ்வளவு தெரிந்த உங்களை ஏன் எந்த அரசாங்கமும் உளவாளியாக எடுக்கவில்லை?

உளவாளிக்குத் தகவல் தெரிந்தால் மட்டும் போதாது தம்பி, வெளியே சொல்லாமலும் இருக்கத் தெரிய வேண்டும். அந்த இரண்டாவது தகுதியில்தான் வாரா வாரம் ஃபெயில் ஆகிக்கொண்டிருக்கிறேன்.