சீல் குத்திய கை

அக்னி நட்சத்திரத்தில், திருச்சியில், பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருவர் தம் வீட்டு மின்விசிறியைத் தாமாகவே நிறுத்துகிறார் என்றால் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். இந்தக் கட்டுரையை எழுதுகிறவர் நிறுத்தினார். ஜன்னலையும் சாத்தினார். பிறகு, வியர்வை மேசையில் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு வண்ணத்துப்பூச்சியின் மேல் வெள்ளைப் பொடியைத் தூவினார்.

"கரண்ட் போயிடுச்சாங்க?" என்று அடுக்களையிலிருந்து மனைவி கேட்டார்.

"இல்ல. ஃபேன் போட்டா பவுடர் பறக்கும்."

அதற்கு மேல் கேள்வி வரவில்லை. ஓய்வுபெற்ற கணவரை மூன்று வருடமாக வீட்டில் வைத்திருக்கும் பெண்மணிக்கு எந்தப் பதிலோடு விசாரணையை முடித்துக்கொள்ள வேண்டும் என்று தெரியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் பேத்தி. கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்தவள், பதினோராவது பிறந்தநாளுக்குக் கிடைத்த ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். வாழ்த்து அட்டை செய்யும் பெட்டி. கண்ணாடிபோல் தெளிந்த சீல்கள், அவற்றை ஒட்டிக்கொள்ள ஓர் அக்ரிலிக் கட்டை, மைப் பேட், எம்பாசிங் பவுடர், சிறிய ஹீட் கன் ஒன்று, பன்னிரண்டு நிறத்தில் வாட்டர் கலர். மூன்று நாள் விளையாடிய பிறகு நான்காம் நாள் அவளுக்குச் சலித்துவிட்டது. "தாத்தா, நீங்க ஒண்ணு செய்ங்களேன்" என்றாள்.

"சீல் குத்தணும், அவ்வளவுதானே? தாத்தா குத்தாத சீலா கண்ணு?"

அது வெட்டிப் பெருமை இல்லை. இவர் 34 வருடம் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவர். 'பெறப்பட்டது', 'அனுப்பப்பட்டது', 'உண்மை நகல்' என்று மூன்று சீல்கள் இவர் மேசையில் நந்திபோல் உட்கார்ந்திருக்கும். ஊதாப் பேட் காய்ந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உயிர்ப்பிக்கத் தெரியும். குத்து தோளிலிருந்து இறங்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து வந்தால் ஓரம் விழாது. இவர் குத்தினால் மூன்று மேசை தள்ளிக் கேட்கும். சத்தம் வராத சீல் செல்லாத சீல் என்பது அந்தப் பிரிவின் எழுதப்படாத அரசாணை.

தோளிலிருந்து இறக்கினார். டம்.

இந்தத் தெளிந்த சீல்கள் ஃபோட்டோபாலிமரால் ஆனவை. பசை இல்லாமலே கட்டையில் ஒட்டிக்கொள்ளும், வழவழவென்று இருக்கும். விரல் நுனியால் நேராக அழுத்தி நேராக எடுத்தால் போதும். தோளோடு இறங்கினால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஓடியது. வண்ணத்துப்பூச்சிக்கு இயற்கை நான்கு சிறகு கொடுத்திருக்கிறது. இவர் எட்டு கொடுத்தார்.

"பூச்சியா தாத்தா இது, ஹெலிகாப்டரா?"

அன்று மாலையே ஒரு பழைய நோட்டில் கோடு போட்டுப் பதிவேடு தொடங்கிவிட்டார்: வரிசை எண், தேதி, பொருள், குறிப்பு. எண் 1, பொருள் 'பூச்சி', குறிப்பு 'சிறகு மிகுதி'. எண் 2-இல் மை முத்து முத்தாகத் திரண்டு நின்றது. புதுச் சீலின் மேல் மெல்லிய படலம் இருக்குமாம், அழி ரப்பரால் ஒருமுறை தேய்த்துவிட வேண்டுமாம். பேத்தி போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மூத்த எழுத்தருக்கு அது இடித்த இடியாகத்தான் பட்டது.

ரப்பர் சீலின் பூர்வீகம் பல் வைத்தியத்தில் இருக்கிறது என்பது 34 வருடமும் இவருக்குத் தெரியாமல் போயிற்று. 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் நிலைக்கிறது என்று கண்டார். 1844-இல் காப்புரிமையும் வாங்கினார். பிறகு அவருடைய தம்பி நெல்சன் கெட்டி ரப்பருக்குக் காப்புரிமை பெற, அதில் பல் செட் செய்யத் தொடங்கினார்கள். அந்த ரப்பரை அச்சில் வைத்து அவித்தெடுக்கப் பல் வைத்தியர்களிடம் சின்னக் கொப்பரைகள் இருந்தன. 1860-களில் ரப்பரில் எழுத்து வார்க்க முனைந்தவர்களின் கண் அந்தக் கொப்பரைமேல் விழுந்தது. காலையில் கடைவாய்ப் பல், மாலையில் கம்பெனி முத்திரை. முதல் ரப்பர் சீல் என்னுடையதுதான் என்று பின்னாளில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் உரிமை கொண்டாடினார்கள்; சீல் வைத்துச் சான்று தர அப்போது ஆள் இல்லை. இவர் கீழ்த்தாடையில் நான்கு பல் கட்டியிருக்கிறார். இதைப் படித்ததும் நாக்கால் அவற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பங்காளிகள்.

விளையாட்டு வினையானது மைத்துனரால். மதுரையில் இருக்கும் அவருக்கு வைகாசியில் மணிவிழா. தினமும் காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்புகிறவர். வேறு யாரோ அனுப்பியதை அப்படியே தள்ளிவிடுவது. இவ்வளவு பூவுக்கும் சேர்த்து ஒரே அட்டையாகப் பதில் போட்டுவிடலாம் என்று இவருக்குத் தோன்றியது.

அட்டை அனுப்புவது இவருக்குப் புதிதும் அல்ல. எண்பதுகளில் மார்கழி பாதி தாண்டினால் பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்துகள் தொங்கும். சிவகாசி அச்சு. கரும்பு, பானை, கொம்பில் பலூன் கட்டிய காளை ஒரு பக்கம், எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல் மறுபக்கம். யாருக்கு எது என்பதில் ராஜதந்திரம் வேண்டும். பெரியப்பாவுக்கு முருகன், மேலதிகாரிக்கு இயற்கைக் காட்சி, மைத்துனருக்கு ரஜினி. ஒருமுறை கைமாறி மேலதிகாரிக்கு ரஜினி போய்விட்டது. அவர் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து ஓய்வுபெறும் வரை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தனிக்கதை.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை பிறந்ததே பதில் எழுத அலுத்துப்போய்த்தான். 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் திட்டம் வந்தது. அதற்காக உழைத்தவர்களில் ஹென்றி கோல் ஒருவர். தபால் மலிந்தது, அவருக்கே கடிதம் குவிந்தது. 1843 கிறிஸ்துமஸுக்கு ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைப் பிடித்து ஒரு படம் வரையச் சொல்லி, ஆயிரம் பிரதி அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டவைத்து, மிஞ்சியதைப் பிரதி ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். ஷில்லிங் என்றால் 12 பென்னி. தபால் செலவைப்போல் பன்னிரண்டு மடங்கு! படத்தில் குடும்பமே கோப்பையைத் தூக்கிக்கொண்டிருக்க, ஒரு சிறுமிக்கும் வைன் புகட்டுகிறார்கள். மதுவிலக்குக்காரர்கள் கொதித்தார்கள். அதில் ஒரு பிரதி 2001-இல் ஏலத்தில் 20,000 பவுண்டுக்குக் குறையாமல் போனது. இவர் உடனே பதிவேட்டை எடுத்து எண் 1-ஐப் பார்த்தார். எட்டுச் சிறகோடு அதுவும் உலகில் ஒரே பிரதிதான்.

இனி எம்பாசிங். கல்யாணப் பத்திரிகை சிலவற்றில் எழுத்தைத் தடவினால் விரலில் தட்டுப்படும் அல்லவா? அந்த வித்தையின் வீட்டுப் பதிப்பு இது. சீக்கிரம் காயாத, பிசுக்கென்ற மையில் சீலைத் தோய்த்துக் குத்த வேண்டும். ஈரம் காய்வதற்குள் பொடியைக் கொட்ட வேண்டும். பொடி, நெகிழியின் மிக நுண்ணிய துகள். ஈரம் இருக்கும் இடத்தில் அது பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைத் தட்டி மறுபடி டப்பாவில் சேர்த்துவிடலாம். பிறகு சூடு காட்டினால் துகள்கள் உருகி ஒன்றாகி, ஆறியதும் மேடான கோடாக நிற்கும்.

எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பொடிக்குப் பாகுபாடு கிடையாது. மை ஈரம், வியர்வை ஈரம், முறுக்கு தின்ற விரலின் எண்ணெய் எல்லாம் அதற்கு ஒன்றே. எண் 5-இல் பூச்சிக்குப் பக்கத்தில் இவருடைய கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, மேடாக, வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றது. பத்திரப்பதிவில்கூட அவ்வளவு சுத்தமாக விழுந்ததில்லை. தாளை முதலில் ஒரு பவுடர்ப் பையால் ஒற்றிவிட வேண்டும். பெட்டியில் அந்தப் பை இல்லை. மனைவியின் முகப்பவுடரை எடுத்தார். வேலை செய்தது, வீடு முழுக்க மல்லிகை மணத்தது, விளக்கம் சொல்ல வேண்டியும் வந்தது.

எண் 6 விஞ்ஞானத்தில் சறுக்கியது. பெட்டியில் வந்த ஹீட் கன் வெறும் 300 வாட், காற்றே வரவில்லை, பொம்மை என்று ஒதுக்கிவிட்டு, மகள் விட்டுப்போயிருந்த ஆயிரம் வாட் ஹேர் டிரையரை எடுத்தார். கூந்தலுக்கு வேண்டியது காற்று. பொடிக்கு வேண்டியது சூடு. ஹேர் டிரையர் சூட்டைப் பரப்பிக் காற்றை அள்ளி வீசும். ஹீட் கன் கொஞ்சம் காற்றில் நிறையச் சூட்டை ஒரே இடத்தில் நிறுத்தும். இந்த வேறுபாடு இவருக்குப் புரிந்தபோது பொடி மொத்தமும் எதிரே குனிந்திருந்த பேத்தியின் தலையில் இருந்தது. பதினோரு வயதில் அவளுக்கு நரை.

எண் 7-இல் ஹீட் கன்னை எடுத்தார். பொறுமையில்லாமல் ஒரே இடத்தில் காட்டினார். தாள் பழுப்பேறி அப்பளம்போல் வளைந்தது. உருகியது போதாதென்று மேலும் காய்ச்சினால் பொடி தாளுக்குள் இறங்கி, மேடு போய் எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சும். மிஞ்சியது.

எண் 8. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முதலில் அடியிலிருந்து தாளைச் சூடாக்கினார். மணல்போல் கிடந்த பொடி ஒரு சிறகின் நுனியில் சட்டென்று பளபளத்தது. அந்தப் பளபளப்பு கோட்டைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து மறுசிறகுக்குப் போனது. இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. மூச்சுவிட்டால் பறக்கும் என்ற பயமும் உண்டு.

காபியோடு வந்த மனைவி எட்டிப் பார்த்தார். "ஈரம் தெளிச்சு, மேல வெள்ளைப் பொடி போட்டு, அது ஒட்டிக்கணும். இவ்வளவுதானே? இதைத்தான் நாப்பது வருஷமா விடிகாலைல வாசல்ல போடறேன். அப்ப நீங்க ஒரு நாளும் ஃபேனை நிறுத்திட்டு வந்து பார்க்கலையே."

கட்டுரைக்காரர் காபியைக் குடித்தார்.

கோடு எழுந்த பிறகுதான் வாட்டர் கலர். உருகி இறுகிய கோட்டின் மேல் தண்ணீர் நிற்காது. எவ்வளவு தாராளமாகப் பூசினாலும் நீலம் வழுக்கி இறங்கிவிடும், வெள்ளைக் கோடு வெள்ளையாகவே இருக்கும். மெழுகு தடவிச் சாயத்தில் முக்கும் பத்திக் சேலையின் தத்துவம் இதுவேதான். கை நடுங்குகிறவருக்கு இதைவிடக் கருணையான ஓவிய முறை கிடையாது. எல்லை தாண்டவிடாமல் வரப்பு கட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் வரப்பு நன்றாக இருந்து நிலம் சரியில்லை என்றால்? முனைக்கடையில் வாங்கிய சார்ட் தாளில் ஈரத் தூரிகையை இரண்டாம் முறை ஓட்டியதுமே உருண்டை உருண்டையாக நார் கிளம்பியது, எண்ணெய்க் குளியலில் முதுகு தேய்த்ததுபோல. எண் 9 முதல் 12 வரை குறிப்பு ஒன்றே: 'மேற்படி'. கடைசியில், ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடையுள்ள வாட்டர் கலர் தாள் வந்து சேர்ந்தது. அதன் விலையைப் பதிவேட்டில் இவர் ஏற்றவில்லை. மனைவியும் சில சமயம் தணிக்கை செய்வதுண்டு.

'கேமல் ஹேர்' என்று போட்ட தூரிகையில் ஒட்டக முடி இல்லை என்பதையும் இந்தக் கட்டத்தில்தான் அறிந்தார். அணில், ஆடு, மட்டக்குதிரை என்று யாருடைய முடியாகவும் இருக்கலாம், ஒட்டகத்தைத் தவிர. நிறத்தைத் தாளில் பிடித்து நிறுத்துவது வேல மரத்துச் சாதிப் பிசின். சின்ன வயதில் கிழிந்த காற்றாடியை மரத்துப் பிசின் வைத்து ஒட்டிய கைக்கு அது மட்டும் உடனே பிடிபட்டது.

எண் 17 தேறியது. நீலமும் கருஞ்சிவப்பும் கலந்து ஊதாவாக வழிந்த சிறகுகள், நடுவே வெள்ளைக் கோடு. அந்த ஊதா அலுவலகப் பேடின் ஊதாவாகவே அமைந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. உள்ளே 'மணிவிழா வாழ்த்துகள்' என்று எழுதினார். உறையின் மூலையிலும் ஆசைக்கு ஒரு குட்டிப் பூச்சியைக் குத்தி எம்பாஸ் செய்தார்.

பிறகு கணக்கு. சாதாரணக் கடிதத்தின் முதல் படி 20 கிராம். ஏ5 அளவில் 300 கிராம் தாள் 9.3 கிராம், மடித்த அட்டையின் முகப்பில் ஒட்டிய ஓவியத் துண்டு அதில் பாதி, உறை நான்கு சொச்சம். ஆக 18-க்கு மேல், 19-க்குள். ரிப்பன் கட்டலாம் என்ற பேத்தியின் மனு எடை காரணமாக நிராகரிக்கப்பட்டது. இவர் செருப்பு மாட்டும் நேரத்தில் மனைவி சமயபுரத்துக் குங்குமப் பொட்டலம் ஒன்றை உறைக்குள் செருகினார்.

"எடை கூடிடும்."

"என் தம்பிக்கு அம்மன் குங்குமம் கூடுதலா?"

கூடுதல் தபால்தலை ஒட்டப்பட்டது.

தபால் நிலையக் கவுன்ட்டரில் ஓர் இளைஞர் இருந்தார். பெட்டியில் போட மனமில்லாத இவர், கண்ணெதிரே முத்திரை விழ வேண்டும் என்று நின்றார். இளைஞர் உறையைத் திருப்பிப் பார்த்தார், தேதி முத்திரையை எடுத்தார். "தம்பி, பூச்சி இருக்கு, கொஞ்சம் மெது..." என்று இவர் வாயெடுப்பதற்குள், டம்.

முத்திரை தபால்தலையில் பாதியும் குட்டிப் பூச்சியின் இடது சிறகில் பாதியுமாக விழுந்திருந்தது. எம்பாஸ் செய்த மேட்டில் மை நிற்காமல் வழுக்கியதால் ஊர்ப் பெயரில் இரண்டு எழுத்துதான் தெரிந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு மேகம். இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இளைஞர் சங்கடப்பட்டு, "சாரி சார், பூச்சி மேல பட்டுடுச்சு" என்றார்.

"பூச்சி கிடக்கட்டும். தேதி விழலையே தம்பி. பேட் காஞ்சிருக்கு பாருங்க, ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க. மணிக்கட்டை ஆட்டாம, தோள்லேருந்து இறக்குங்க."

இளைஞர் தண்ணீர் விட்டார், தோளிலிருந்து இறக்கினார். மூன்று கவுன்ட்டர் தள்ளித் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை ஊர், தேதி, மாதம், வருடம் எல்லாம் ஓரம் பிசகாமல் விழுந்தன. வலது சிறகின் மேல்.