'ஏற்கெனவே இருக்கா?' பேர்வழி

பிஎச்பியில் நிரல் எழுதும் எந்த ஆபீசிலும் இவர் ஒருவர் இருப்பார். இவர் எழுதிய எந்த ஃபைலைத் திறந்தாலும் கெட்_டேட்டா, ஃபார்மட்_டேட், இனிட் என்ற அதே மூன்று ஃபங்ஷன்கள்தான். அப்படி இரண்டு ஃபைல்களை ஒரே பக்கம் இன்க்ளூட் செய்தால், 'இதே பெயரில் ஒன்று இருக்கிறதே' என்று பிஎச்பி அந்த இடத்திலேயே நின்றுவிடும். இவர் பெயரை மாற்ற மாட்டார். முதலில் இன்க்ளூடை இன்க்ளூட்_ஒன்ஸ் ஆக்கிப் பார்ப்பார். அது ஒரே ஃபைல் இருமுறை நுழைவதைத்தான் தடுக்கும். இங்கே இருப்பதோ இரண்டு ஃபைல்கள். அடுத்து ஓர் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவார். ஃபங்ஷன் பெயரில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து பேதமெல்லாம் பிஎச்பி பார்ப்பதில்லை. கடைசியில் எடுப்பார் தன் பிரம்மாஸ்திரத்தை: ஃபங்ஷன்_எக்சிஸ்ட்ஸ். 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இல்லாவிட்டால் மட்டும் இதை உருவாக்கு.' பிழை மறைந்துவிடும். அவர் டீ குடிக்கப் போய்விடுவார்.

மறைந்தது பிழைச் செய்தி மட்டும்தான். பிழை உள்ளேயே இருக்கிறது. இனி எந்த ஃபைல் முந்துகிறதோ அதன் ஃபங்ஷன்தான் செல்லும். ஒன்று தேதியை நாள்-மாதம் என்றும் மற்றது மாதம்-நாள் என்றும் தருவதாக வைத்துக்கொள்வோம். பில்லில் 03-04 என்று வந்தால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? மாதத்தின் 12-ஆம் தேதி வரை யாருக்கும் சந்தேகமே வராது. 13-ஆம் தேதி வாடிக்கையாளர் போன் செய்வார். இன்க்ளூட் வரிகளை யாரோ அகரவரிசையில் அடுக்கியதுதான் காரணம் என்று கண்டுபிடிப்பதற்குள் ராத்திரி ஆகிவிடும். அதுவரை கூடவே உட்கார்ந்து தேடுபவரும் இவர்தான். மனுஷர் நல்லவர், அதில் சந்தேகமில்லை.

'வேர்ட்பிரஸ்ஸே இதைத்தானே செய்கிறது?' என்பார். செய்கிறது. டபிள்யூபி_மெயில் போன்ற சிலவற்றை ப்ளகின்கள் மாற்றிக்கொள்ளட்டும் என்றே அப்படி விட்டிருக்கிறார்கள். ப்ளகின்கள் முதலில் ஏறும்படி வரிசையும் வகுத்திருக்கிறார்கள். இவருடைய ஃபைல்களில் வரிசை தற்செயல். ஃபங்ஷன் பெயருக்கு முன்னொட்டு சேர்க்கச் சொன்னால், 'பெயர் நீளுமே' என்பது அடுத்த வாதம். ஒரே தெருவில் இரண்டு முருகன் இருந்தால் 'மளிகைக்கடை முருகன்' என்று கூப்பிட யாருக்கும் வாய் வலித்ததில்லை. நீளம்தான் பிரச்சினை என்றால், ஒரே பெயர்கள் மோதாமல் பிரித்துவைக்கும் நேம்ஸ்பேஸ் 2009-இல் பிஎச்பி 5.3-லேயே வந்துவிட்டது.

ஐயா, நேம்ஸ்பேஸ் படிக்க நேரமில்லை என்றால் போகட்டும். பில்_ஃபார்மட்_டேட் என்றாவது எழுதுங்கள். நாலு எழுத்தும் ஓர் அடிக்கோடும்தான் கூடுதல்.